ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நிற்பவள்

ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்து நோவு மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஏதோ ஒன்றை ஆரம்பிக்க, துணைக்கென்று போய் மாட்டிக்கொண்ட தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள் பழகும் மகனுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடியவர்களும், டான்ஸ் வகுப்பு வாசலில் குடையோடு காத்து நின்றவர்களும் என் வருத்தத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்தேழு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு ஓய்வுக்கு வந்தவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் ஜெனிட்டாவோடு தோட்டத்துப் பழைய கிரவுண்டுக்குப் போகிறேன். அவள் ட்ரோனை விடுவாள், நான் அதைப் பார்ப்பேன். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

வேலைக்கு எடுத்த விதம்

ட்ரோனை வாங்கி வந்தவன் மூத்தவன். கட்டாரிலிருந்து லீவில் வரும்போது தங்கச்சிக்கென்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்துவிட்டான். அப்படிக் கொண்டுவருவதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டுமென்று அவனுக்குத் தெரியவில்லை. விமான நிலையத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். அவன் லீவு முடிந்து திரும்பிப் போன பிறகும் அது வீட்டுக்கு வரவில்லை. ஜெனிட்டாதான் விண்ணப்பப் போம் நிரப்பி, நாலு தடவை கொழும்புக்குப் பஸ்ஸில் அலைந்து, முறைப்படி பதிந்து, நம்பர் ஒட்டிக் கொண்டு வந்தாள்.

அவள் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். வாரத்துக்கு ஆறு நாள், குனிந்த தலை நிமிராமல் தையல் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் தலை அப்படியேதான் இருக்கும். கேட்டால் ஒரு வார்த்தை பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முதல் நாள் ட்ரோன் மேலே எழும்பியபோது அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பல்லைப் பார்த்தேன். அன்றைக்கே மனதில் ஒன்று முடிவு செய்துவிட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் பிள்ளையை விட்டுப் போகக்கூடாது.

பிறகு அவள் போனைப் பார்த்து ஒவ்வொரு சட்டமாக வாசித்துக் காட்டினாள். கூட்டத்துக்கு மேல் விடக்கூடாது. இருட்டில் விடக்கூடாது. சொன்ன உயரத்தைத் தாண்டக்கூடாது. நிலத்துக்காரரிடம் அனுமதி வேண்டும். ஓட்டுகிறவள் போன் திரையைப் பார்க்கும்போது, பக்கத்தில் இன்னொரு ஆள் வெறுங்கண்ணால் ட்ரோனை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "என்னால ஏலுமா புள்ள? எனக்கு இங்கிலீசும் தெரியாது, மிசினும் தெரியாது" என்றேன்.

"ஏலும்மா. பேச வேணாம், தொட வேணாம், பார்த்தா மட்டும் போதும். சின்னதுல நாங்க வாசலத் தாண்டினாலே உங்க கண்ணுக்குத் தப்ப முடியலையே!"

தொரை கொடுத்த கடிதம்

நிலத்துக்காரர் என்றால் எங்களுக்குத் தோட்டத்து ஆபிஸ்தான். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஜெனிட்டாவும் நானும் நின்றுகொண்டிருக்க, அவர் ட்ரோன் பேப்பர்களை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, பெரிய கிளாக்கர் டைப் பண்ணினார். பழைய கிரவுண்டில் மட்டும். ஞாயிறும், போயா என்கிற பௌர்ணமி லீவு நாளும் மட்டும். நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசைகளுக்கு மேலேயும் ரப்பர் பால் ஸ்டோருக்கு மேலேயும் போகக்கூடாது. ஏதாவது நடந்தால், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நாங்களே ஆபிசுக்கு வந்து சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தோட்டத்துப் பதிவில் என் பெயர்தான் இருக்கிறது, அதனால் கையெழுத்தும் நான்தான் வைக்க வேண்டியிருந்தது. ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதினேன். பெரிய கிளாக்கர் முத்திரை குத்தி, கடிதத்தை என் கையில் தந்துவிட்டுச் சிரித்தார்.

"மேரி அக்கா, இத்தன வருசம் முந்நூறு மரத்தத்தான் உங்க பொறுப்புல விட்டோம். இப்ப வானத்தையும் எடுத்துக்கிட்டீங்க, பார்த்து நடந்துக்கோங்க."

எங்க வாசலையும் சேர்த்து

இரண்டாவது ஞாயிறு கிரவுண்டுக்குப் போனால், கீழ் லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியில் நின்றார்கள். நல்ல சேலை, நல்ல சட்டை. வாசலைச் சுற்றிக் குச்சி நட்டு, மூலைக்கு மூலை பழைய சேலைக் கிழிசலைக் கொடி மாதிரி கட்டியிருந்தார்கள். மரவள்ளி நட்ட துண்டையும் சேர்த்து ஒருவர் கயிறு இழுத்திருந்தார். ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டகையையும் உள்ளே தள்ளிக் கயிறு கட்டியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராசம்மா அக்காதான் முன்னால் வந்து, "தங்கச்சி, காணி அளக்கிற மிசின் ஒங்க வீட்டுலதான் இருக்காமே. வீட்டுக்குக் காணி பிரிச்சுக் குடுக்கப் போறாங்களாம். எங்க வாசலையும் சேத்து அளந்துருங்க" என்றார்.

ஆளுக்கு ஆள் காணி அளக்கிறார்கள் என்ற பேச்சு ஆபிஸ் வரைக்கும் போனால், அந்த நிமிஷமே கடிதம் போய்விடும். அன்றைக்கு ட்ரோனை விடவில்லை. மூன்று நாள், ஜெபக்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடப் போகிற மாதிரி, வீடு வீடாகப் போனேன். இது விளையாட்டுச் சாமான், அளக்காது, கீழ் லயத்துக்கு மேலே வரவும் மாட்டாது என்று நாற்பது வீட்டு வாசலில் சொன்னேன். சில வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். சில வீட்டில் "ஒங்க வாசல மட்டும் கமுக்கமா அளந்துட்டீங்களோ" என்றார்கள். கோபப்படவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். கடைசியாக ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். குச்சியைப் பிடுங்க நானே குனிந்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளக்க வரலன்னா பரவாயில்ல தங்கச்சி, குச்சி அப்படியே இருக்கட்டும். என்னைக்காவது ஒரு நாள் நெசமாவே வருவாங்கதானே."

காணாமல் போன மாடு

மேல் லயத்து முனியாண்டி அண்ணனின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் நேரே கிரவுண்டுக்கு ஓடி வந்தார். ட்ரோனை அனுப்பித் தேடித் தரச் சொன்னார். ஜெனிட்டாவுக்கு ஆசைதான், கை பரபரத்தது. நான் குறுக்கே நின்றேன். "அண்ணே, என் கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குத்தான் போகலாம். ரப்பர் மரத்துக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியாது. அதுதான் சட்டம்" என்றேன். அவர் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியுற தூரத்துல மாடு நின்னா, நான் ஏம்மா ஒங்கிட்ட வரப் போறேன்?"

பிளாஸ்டிக் பைல்

எங்கள் பேப்பர்கள் எல்லாம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பைலில் இருக்கும். பதிவுப் பேப்பர், காப்புறுதி, தொரையின் கடிதம், எந்த நாள் எத்தனை மணிக்கு விட்டோம் என்று நான் எழுதுகிற கொப்பி. மழை பெய்தால் நான் நனைந்தாலும் பைல் நனையாது. ஒரு போயா நாள் தெஹியோவிட்ட டவுன் பக்கமிருந்து வந்த பொலிஸ்காரர் ஒருவர் ட்ரோன் சத்தம் கேட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நான் ட்ரோனை இறக்கச் சொல்லிவிட்டு, அது தரையைத் தொடும் வரை அண்ணாந்து பார்த்தபடியே பைலை அவரிடம் நீட்டினேன். அவர் முகத்தைக்கூட நான் அதுவரை பார்க்கவில்லை.

ஒவ்வொரு பேப்பராக எடுத்தார், நம்பரை ட்ரோனோடு ஒப்பிட்டார், தலையை ஆட்டினார். கடைசியில் மாதா படம் போட்ட ஒரு அட்டை கையில் வந்தது. நான் நவநாளுக்கு வைத்திருக்கிற ஜெப அட்டை, தமிழில் அச்சடித்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்.

"அம்மே, இதுவும் லைசன்ஸ்தானா?"

மாதா திருநாள்

இதுதான் எனக்குக் கஷ்டமான நாள். ஆகஸ்டில் எங்கள் கோயிலில் மாதா விண்ணேற்புத் திருநாள். சொரூபத்தை லயம் லயமாகச் சுற்றிக் கொண்டுவருவோம். இந்தத் தடவை மேலே இருந்து ட்ரோனால் பூ தூவ வேண்டும் என்று, கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் கேட்டார். எனக்கு ஞானஸ்நானம் நடந்த நாளில் மெழுகுதிரி பிடித்து நின்றவர் அவர். மாதா சகாயத்தால்தான் என் பிள்ளைகளை ஆளாக்கினேன். அந்தத் தாய்க்குப் பூப்போட முடியாது என்று என் வாயால் எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னேன். கீழே சனம் இருக்கும், குழந்தை குட்டி இருக்கும், லயத்துக்கு மேலே போகக்கூடாதென்று கடிதத்திலும் இருக்கிறது.

கோயில் சபை முழுக்க என்னைத்தான் பார்த்தது. "கடிதம் வந்ததும் பெரிய ஆளாயிட்டா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் அசையவில்லை. திருநாளுக்கு முதல் நாள் மாதா முன்னால் முழங்காலில் இருந்து காரணத்தை விளக்கிச் சொன்னேன். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள், கீழே நிற்கிற பிள்ளைகளை நினைப்பாள். மறுநாள் இரண்டு கூடை பூவை நானே தலையில் சுமந்து போய், சொரூப ஊர்வலம் முழுக்கக் கையாலேயே தூவினேன். எல்லாம் முடிந்த பிறகு உபதேசியார் கிட்டே வந்து, கோபம் தணிந்தும் தணியாமலும் சொன்னார்.

"பூ நல்லாத்தான் தூவுன மேரி. ஆனா மாதா விண்ணேத்தம் போனப்ப, அவ யாருகிட்டயும் கடிதம் வாங்கல."

பன்னிரண்டு மணி

இவ்வளவு கறாராக இருந்தவள் நான். அப்படியிருந்தும் தப்பு என் பக்கத்தில்தான் நடந்தது.

பால் வெட்டின காலத்தில், பால் நிறுக்கிற இடத்தில் நாங்கள் வரிசையாக நிற்கும்போது கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடித் திரிகால ஜெபம் சொல்லுவேன். இருபத்தேழு வருஷப் பழக்கம். ட்ரோன் விடுகிற நாட்களில் பதினொன்றரைக்கு முன்னமே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த ஞாயிறு பூசை தாமதமாக முடிந்தது. நாங்கள் ஆரம்பித்ததே பிந்தித்தான். ட்ரோன் மேலே நின்றது, ஜெனிட்டா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மணி அடித்தது. என் கை தானாகவே சிலுவை போட்டது. கண் தானாகவே மூடிக்கொண்டது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வானம் மட்டும் இருக்கிறது.

"அம்மா, எங்க? எந்தப் பக்கம்? காத்து தள்ளுது, படம் நிக்குது!" என்று அவள் கத்தினாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடிக்கொண்டு மலை ஏறினோம். கடைசியில் நான் வருஷக் கணக்கில் வெட்டின மரம் ஒன்றில் கொப்புக்கு நடுவே அது மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை முறிந்திருந்தது. அது மோதி ஒடிந்த கொப்பு கீழே விழுந்து, பால் வடிகிற சிரட்டையை உடைத்திருந்தது. மரத்தடியிலேயே ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பாதை. அன்றைக்கு அந்த நேரத்தில் ஒருவரும் போகவில்லை. ஆண்டவர் காப்பாற்றினார். ஆனால் அவர் காப்பாற்றுவார் என்று சொல்லி நான் கண்ணை மூட முடியுமா?

ஜெனிட்டா மரத்திலிருந்து இறக்கிய ட்ரோனைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தாள். அழுகிற குரலில், "யாரும் பார்க்கலம்மா. சிரட்டைய மாத்தி வச்சிருவோம். சொன்னீங்கன்னா கடிதம் போயிரும். அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" என்றாள். அந்தக் கடைசிக் கேள்வி எனக்குள் கத்தி மாதிரி இறங்கியது. அந்தச் சிரிப்புக்காகத்தானே நான் இவ்வளவு நாளும் கழுத்து நோக நின்றேன். உடைந்த சிரட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "நாளைக்குக் காலையில ஆபிசுக்குப் போறேன் புள்ள" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

"பெத்த தாய நம்பித்தானே பக்கத்துல நிறுத்தினேன்."

உடைந்த சிரட்டை

திங்கட்கிழமை அவள் என்னோடு பேசாமலே வேலைக்குப் போனாள். நான் கடிதத்தையும், பத்திரிகைத் தாளில் சுற்றிய சிரட்டையையும் எடுத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனேன். இரண்டையும் தொரையின் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"யாராவது முறைப்பாடு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க ஐயா."

"யாராவது கண்டாங்களா?"

"இல்லங்க ஐயா. மத்தவங்க சொல்றதுக்கு முன்ன வந்து சொல்லணும்னு கடிதத்துல இருக்குங்க. அதான் வந்தேன்."

"நீங்க ஏன் பார்க்கல்ல?"

"பன்னெண்டு மணி அடிச்சுச்சுங்க. கண்ண மூடி ஜெபம் சொல்லிட்டேன்."

பெரிய கிளாக்கர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். தொரை சிரட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடிதத்தை ஆரம்பத்திலிருந்து ஒருமுறை வாசித்தார். என் மனதில் ஒரு ஜெபமாலையே ஓடி முடிந்துவிட்டது, கண்ணை மட்டும் மூடவில்லை. "ஒரு மாசம் விடக்கூடாது" என்றார். "சரிங்க ஐயா" என்றேன். "ட்ரோனைத் திருத்தின பிறகு எனக்கு முதல்ல காட்டணும்." அதற்கும் சரி என்றேன். பிறகு கடிதத்தைக் கிளாக்கர் பக்கம் தள்ளினார். பன்னிரண்டு மணிக்குக் கால் மணி முன்னும் பின்னும் ட்ரோன் தரையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு நாளைக்கு வேற எந்தெந்த நேரம் கண் மூடுவீங்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லுங்க, ஒரேயடியா டைப் பண்ணிருவோம்."

தரையில் ஒரு மாதம்

கடிதம் போகவில்லை என்று சொன்ன பிறகும் ஜெனிட்டா இரண்டு ஞாயிறு முகம் கொடுத்துப் பேசவில்லை. இறக்கைக்குச் சொல்லி அனுப்பி, அது வந்ததும் தானே ட்ரோனில் பொருத்தினாள். நான் கிட்டே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, "அம்மா, சும்மா கிரவுண்டுக்குப் போய்ட்டு வருவோமா?" என்றாள். கையில் ஒன்றும் இல்லாமல் போனோம். புல்லில் உட்கார்ந்தோம். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தள்ளுகிறது, எந்த மரம் வரைக்கும் என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்துக் கொப்பியில் குறித்தோம். கீழ் லயத்தில் ராசம்மா அக்காவின் குச்சிகள் இன்னும் நின்றன. ஒன்று துளிர் விட்டிருந்தது.

அப்போது பன்னிரண்டு மணி அடித்தது. என் கை நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது, கண் பழக்கத்தில் மேலே போனது. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஜெனிட்டா அதைப் பார்த்துவிட்டாள். பல் தெரியச் சிரித்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க கண்ண மூடுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்."

இப்போது கடிதம் இரண்டு பக்கம், அதில் பாதி என் ஜெப நேரங்கள். அதற்குள் அடங்காத அவசர ஜெபங்களை ட்ரோன் இறங்கும்வரை கண்ணைத் திறந்துகொண்டேதான் சொல்கிறேன், ஆண்டவருக்கும் அது பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.